மீனுணவும் மீட்பறிவிப்பும்

கடல் சூழ்ந்த நாடுகளில் வாழ்வோர்க்கு மீன் அன்றாட உணவாகும். சிங்கப்பூரின் ஈரச்சந்தைகளிலும் மலேசியாவின் பசார்களிலும் பொழுது புலருமுன்பே மீன் வந்து குவிந்துவிடுகிறது. நெத்திலிச் சம்பலும், கெம்போங் மீன் குழம்பும், அவசரத்திற்கு உதவும் டின் சார்டினும் இல்லாமல் ஒரு மாதம் கழியும் தமிழ் இல்லங்கள் சிலவே எனலாம்.

மீன் வாங்குவதற்கென்று மூத்தோர் ஒரு தேர்வு முறையை வகுத்து வைத்திருக்கின்றனர். செவுளை விரித்துப் பார்ப்பர், சிவந்திருக்க வேண்டும். கண்ணைப் பார்ப்பர், தெளிந்து மேலெழுந்து நிற்க வேண்டும். சதையை விரலால் அழுத்துவர். குழி விழாமல் மீண்டெழ வேண்டும். இறுதியாக முகர்ந்து பார்ப்பர். இம்முறை பழுதற்றது, கைவிடத்தக்கதன்று. ஆயினும் இது விடை தருவது ஒரே ஒரு வினாவிற்குத்தான். ‘மீன் புதியதா?’ என்பது அவ்வினா. ‘மீன் தீங்கற்றதா?’ என்பது வேறு வினா. இவ்விரண்டும் ஒன்றே என்று கருதுவதனால்தான் பல வீடுகளில் துன்பம் நேர்கிறது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, கெட்ட உணவினால் ஆண்டொன்றுக்குச் சுமார் 60 கோடி மக்கள் நோயுறுகின்றனர். சுமார் 4 இலட்சத்து 20 ஆயிரம் பேர் இறக்கின்றனர். இஃது எல்லா வகை உணவையும் சேர்த்த கணக்கு. அவற்றுள் கடலுணவுக்குத் தனித்த சில இயல்புகள் உண்டு. அவற்றை அறிந்துகொண்டால், உணவு அதிகாரிகள் அவ்வப்போது வெளியிடும் மீட்பறிவிப்புகள் ஏன் தேவைப்படுகின்றன என்பதும் தானே விளங்கும்.

மூவகைத் தீங்குகள்

மீனிலும் சிப்பியிலும் வரும் தீங்குகளை மூன்றாகப் பகுத்துக்கொள்ளலாம். முதலாவது, தீயினால் அழியும் உயிர்க்கிருமிகள். இரண்டாவது, குளிரினால் தடுக்கத்தக்கதும், தோன்றியபின் தீயினால் அழியாததுமான நஞ்சு. மூன்றாவது, தீக்கும் அடங்காத, குளிருக்கும் அடங்காத நஞ்சு. முதல் வகைக்கு அடுப்புக் காவல். இரண்டாம் வகைக்குப் பனிக்கட்டி காவல். மூன்றாம் வகைக்கு உரிய காலத்தில் வரும் செய்தி ஒன்றே காவல்.

தீயினால் அழியும் கிருமிகள்

சிங்கப்பூர் மக்கள் எளிதில் மறக்கவியலாத நிகழ்ச்சி 2015ஆம் ஆண்டில் நேர்ந்தது. கஞ்சியுடன் சேர்த்து உண்ணும் பச்சை மீன் துண்டுகள் அங்காடிக் கடைகளில் விரும்பி வாங்கப்பட்டு வந்தன. அவ்வாண்டில் ‘பி’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் நோயுற்று மருத்துவமனைக்கு வருவோர் தொகை திடீரெனப் பெருகிற்று. மூளையுறைக் காய்ச்சலும், மூட்டுகளில் சீழ் கட்டுதலும், குருதியில் நஞ்சு பரவுதலும் அவர்களிடம் காணப்பட்டன. அக்கிருமி நலமுள்ள பலருடைய குடலில் தீங்கின்றித் தங்கியிருப்பது. பச்சிளங்குழந்தைகளையும் முதியோரையும் நோயாளிகளையும் தாக்கும் என்பதே அதுவரை மருத்துவர் அறிந்திருந்தது. உணவின் வழியாக இவ்வாறு பெருவாரியாகப் பரவும் என்பதை அந்நிகழ்ச்சியே உலகிற்கு முதன்முதலாகக் காட்டிற்று. உடல்நலம் நிறைந்த நடுவயதினர் சிலரும் தாக்கப்பட்டனர். பச்சை மீனோடு தொடர்புடையவை என்று சுமார் 150 நோயாளர் நிகழ்வுகள் கணக்கிடப்பட்டன.

ஆராய்ந்தபொழுது, ‘சோங்’ என்னும் கெண்டை இனத்து மீனும், ‘தோமான்’ என்னும் விரால் இனத்து மீனும் ஐயத்திற்குரியவை எனத் தெரிந்தது. இரண்டும் நன்னீரில் வளர்க்கப்படுபவை. சமைத்து உண்பதற்கென்றே விற்கப்படுபவை. 2015 சூலையில், இவ்விரு மீன்களையும் பச்சையாக விற்பதை நிறுத்துமாறு கடைக்காரர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அவ்வாண்டு திசம்பர் 5ஆம் நாள் முதல், உடனே உண்ணும் வகையில் நன்னீர் மீனைப் பச்சையாக விற்பது உணவுக் கடைகள் அனைத்திலும் தடை செய்யப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்கது ஒன்றுண்டு. அம்மீனைச் சமைத்து உண்டவர்க்குத் தீங்கு நேரவில்லை. எலுமிச்சைச் சாறும், இஞ்சியும், மிளகாயும் கிருமியைக் கொன்றுவிடும் என்று சிலர் நம்புகின்றனர். எலுமிச்சைச் சாற்றின் புளிப்புச் சதையை வெளுக்கச் செய்து இறுக்குவது உண்மை. அதனால் மீன் வெந்ததுபோலத் தோன்றுவதும் உண்மை. ஆயினும் தோற்றம் வேறு, வேதல் வேறு. கிருமியைக் கொல்வது வெப்பமே.

சிப்பிகளின் நிலை இதனினும் நுண்ணியது. சிப்பி தன் இரையைத் தேடிச் செல்வதில்லை. ஒரே இடத்திலிருந்து நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிறது. நீரில் சாக்கடை கலந்திருப்பின், அதிலுள்ள நோய்க்கிருமிகளும் சிப்பியின் உடலில் சேர்ந்து செறிகின்றன. 1988ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவின் சாங்காய் நகரில் ஏறக்குறைய 3 இலட்சம் மக்கள் ‘ஏ’ வகைக் கல்லீரல் அழற்சியால் மஞ்சட்காமாலை கண்டு வருந்தினர். அதற்குக் காரணம், அழுக்குற்ற நீரில் விளைந்து, அரைகுறையாக வெந்நீர் காட்டி உண்ணப்பட்ட ஒருவகைச் சிப்பியே. சிங்கப்பூரிலும் 1983ஆம் ஆண்டில் சிப்பியை உண்டதனால் அந்நோய் பரவியது. லக்சாவிலும் வறுத்த குவேத்தியாவிலும் இடப்படும் கெராங் சிப்பியை, ‘குருதி நிறம் மாறாமல் இருந்தால்தான் சுவை’ என்று சிலர் பாதி வேகவைத்து உண்பர். அந்நோய் வெளிப்படுவதற்குச் சராசரி 4 வாரங்கள் ஆகும். நோயுற்றவர் தாம் ஒரு திங்களுக்கு முன் எந்தக் கடையில் என்ன உண்டார் என்று நினைவுகூர்வது அரிது. கொதிநீரில் அமிழ்த்தி எடுப்பது போதாது. சதையின் நடுவே 90 பாகை வெப்பம் ஒன்றரை நிமிடம் நிற்க வேண்டும் என்பது அறிஞர் வகுத்த அளவு.

கடல்நீரில் இயல்பாகவே வாழும் கிருமிகளும் உள. 1950ஆம் ஆண்டில் சப்பான் நாட்டு ஒசாக்கா நகரில், அரைகுறையாக உலர்த்திய சிறு மீன்களை உண்ட 272 பேர் நோயுற்றனர். அவர்களுள் 20 பேர் இறந்தனர். அதனை ஆராய்ந்த பூசினோ என்னும் அறிஞர் புதியதொரு கிருமியைக் கண்டறிந்தார். விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் என்பது இன்று அதன் பெயர். ஏற்ற வெப்பத்தில் அது சுமார் 10 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிளந்து பெருகவல்லது. அவ்வாறு தடையின்றிப் பெருகுமாயின், ஒரே கிருமி 3 மணி நேரத்தில் 2 இலட்சத்து 62 ஆயிரத்து 144 ஆகிவிடும். காலையில் வாங்கிய இறாலை வண்டியில் வைத்துவிட்டு வேறு வேலைகளை முடித்துக்கொண்டு நண்பகலில் வீடு திரும்புவோர் இக்கணக்கை நினைவில் கொள்வது நலம்.

தீயினால் அழியாத நஞ்சு

இரண்டாம் வகைத் தீங்கு, பலராலும் ‘மீன் ஒவ்வாமை’ என்று தவறாகக் கருதப்படுவது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி முதலிய மீன்களின் சதையில் இஸ்டிடின் என்னும் பொருள் மிகுதியாக உண்டு. மீன் இறந்தபின் வெப்பமான இடத்தில் கிடந்தால், சில கிருமிகள் அதனை இஸ்டமின் என்னும் வேறொரு பொருளாக மாற்றுகின்றன. இஸ்டமின் மிகுந்த மீனை உண்டவர்க்குச் சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவக்கும், தலை வலிக்கும், தோலில் தடிப்பும் அரிப்பும் தோன்றும், நெஞ்சு படபடக்கும். நாவில் மிளகு உறைப்பதுபோல் இருந்தது என்றும் சிலர் கூறுவர்.

ஒருமுறை இஸ்டமின் தோன்றிவிட்டால், பின்னர் அம்மீனைப் பொரித்தாலும், குழம்பில் கொதிக்கவைத்தாலும், டின்னில் அடைத்து உயர்ந்த வெப்பத்தில் வேகவைத்தாலும் அது நீங்குவதில்லை. உறைய வைத்தாலும் நீங்குவதில்லை. கிருமி இறந்துபோகும், அது செய்துவைத்த நஞ்சோ நிலைத்திருக்கும். நாற்றம் வீசுமுன்பே இது சேர்ந்துவிடக்கூடும் என்பதனால் மூக்கும் இதற்கு முழுச் சான்றாகாது. பன்னாட்டு உணவு நெறி ஆணையம் ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமிற்கு மேல் இஸ்டமின் இருத்தலாகாது என்று வரையறுத்துள்ளது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தாலன்றி அவ்வளவைக் கண்டறிய இயலாது.

இதனைத் தடுக்கும் வழி ஒன்றே. பிடித்த நேரம் முதல் சட்டியில் இடும் நேரம் வரை மீன் குளிர்ந்தே இருத்தல் வேண்டும். படகில் பனிக்கட்டி, துறைமுகத்தில் பனிக்கட்டி, கடையில் பனிக்கட்டி என்று தொடரும் இச்சங்கிலியின் இறுதிக் கண்ணி வாங்குபவரின் கைப்பையாகும். அக்கண்ணி அறுந்தால், முன்னவர் அனைவரும் பட்ட பாடு வீணாகிவிடும். சந்தையிலிருந்து நேரே வீடு திரும்புதலும், தொலைவாயின் பனிக்கட்டியுடன் கொண்டுவருதலும் இதற்கெனவே சொல்லப்படுகின்றன.

எதற்கும் அடங்காத நஞ்சு

மூன்றாம் வகை, மீனோ சிப்பியோ உயிரோடிருக்கும்பொழுதே அதன் உடலில் சேரும் நஞ்சு. கடலில் சிலவகை நுண்ணுயிர்கள் திடீரெனப் பெருகி நீரின் நிறத்தையே மாற்றுவதுண்டு. இதனைச் செங்கடற்பெருக்கு என்பர். நிறம் மாறாமலும் அவை பெருகுவதுண்டு. அவற்றைத் தின்ற சிப்பி தான் நலமாக இருந்துகொண்டே நஞ்சைத் தன் சதையில் சேர்த்து வைக்கிறது. 1976ஆம் ஆண்டில் சபா மாநிலக் கடற்கரையில் இவ்வாறு நஞ்சேறிய சிப்பிகளை உண்ட 202 பேர் நோயுற்றனர். 7 பேர் இறந்தனர். உதடும் நாவும் மரத்துப்போதல், கைகால் தளர்தல், கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழத்தல் என்று இந்நஞ்சு படிப்படியாக வேலை செய்யும். இதற்கு மாற்று மருந்து இல்லை; மருத்துவமனையில் செயற்கை மூச்சளித்துக் காப்பதே வழி.

இந்நஞ்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சிப்பி புத்தம் புதியதாக, சந்தையிலேயே சிறந்ததாக இருக்கலாம். கொதிக்கவைத்தாலும் நஞ்சு நீங்காது. 100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராம் என்பதே பன்னாட்டளவில் கொள்ளப்படும் எல்லை. அதனைக் கடக்குமாயின் அப்பகுதிச் சிப்பிகளைப் பிடிக்கவும் விற்கவும் வேண்டாம் என்று அதிகாரிகள் அறிவிக்கின்றனர். 2024 ஏப்ரலில் போர்ட்டிக்சன் கடற்பகுதிச் சிப்பிகளைப் பற்றி மலேசிய மீன்வளத் துறை விடுத்த எச்சரிக்கை இத்தகையதே. மூத்தோர் வகுத்த தேர்வு முறை முற்றிலும் பயனற்றுப்போகும் இடம் இதுவாகும். அந்த அறிவிப்பைக் கேட்டவர் தப்புவர். கேளாதவர் நல்வாய்ப்பை நம்பி உண்பர்.

பேத்தை மீனும் இவ்வகையைச் சேர்ந்ததே. மலாய் மொழியில் ‘புந்தால்’ எனப்படும் இம்மீனின் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் கொடிய நஞ்சு உண்டு. 2023 மார்ச்சில் ஜொகூர் மாநிலத்தில், கடையிலிருந்து வாங்கிய இம்மீனைச் சமைத்து உண்ட முதிய மனைவி அன்றே இறந்தார். கணவரும் சில நாட்களில் இறந்தார். தலை நீக்கித் தோலுரித்து விற்கப்படும் மீன் இன்னதென்று அறிய இயலாதபொழுது வாங்காமல் விடுவதே அறிவுடைமை.

டின் மீனின் கதை

டின்னில் அடைத்த மீன் பொதுவாகப் பாதுகாப்பானது. அடைத்து மூடியபின் உயர்ந்த அழுத்தத்தில் அதனை வேகவைக்கின்றனர். பொட்டுலினம் என்னும் கிருமியின் வித்துகளை அழிக்க 121 பாகை வெப்பத்தில் 3 நிமிடம் வேண்டும். டின் தொழிலின் அடிப்படை அளவு இதுவே. அவ்வித்துகள் பிழைத்திருந்தாலோ, பின்னர் உள்ளே நுழைந்தாலோ, காற்றில்லாத டின்னுக்குள் முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

1982ஆம் ஆண்டில் பெல்சியம் நாட்டில், அமெரிக்காவின் அலாஸ்காவிலிருந்து வந்த டின் சால்மன் மீனை உண்ட ஒருவர் அந்நஞ்சினால் இறந்தார். டின்னைச் சோதித்தபொழுது அதன் ஓரத்தில் மிகச் சிறிய துளை ஒன்று காணப்பட்டது. அலாஸ்காவிற்கு டின்கள் தட்டையாக நசுக்கப்பட்ட நிலையில் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே ஒரு பொறியினால் மீண்டும் உருளை வடிவம் பெறுவது வழக்கம். அப்பொறியின் குறையே துளைக்குக் காரணம். ஒரு டின்னின் குறை, அதே வகைப் பொறியில் வந்த எல்லா டின்களுக்கும் உரியதாகலாம் அன்றோ? ஆதலின் கோடிக்கணக்கான டின்கள் பல நாடுகளிலிருந்தும் திரும்பப் பெறப்பட்டன. ஒருவருடைய இறப்பிலிருந்து ஒரு பொறியின் குறையைக் கண்டறிந்து, முன்பின் அறியாத ஆயிரமாயிரம் இல்லங்களைக் காத்தமைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

டின் உப்பியிருந்தாலும், மடிப்பில் நசுங்கியிருந்தாலும், ஒழுகினாலும், திறக்கும்பொழுது பீறிட்டாலும் அதனைச் சுவைத்துப் பார்த்தலாகாது. தூக்கி எறிவதே முறை.

மீட்பறிவிப்பு எங்ஙனம் பிறக்கிறது?

விற்பனைக்கு வந்துவிட்ட ஒரு பண்டம் தீங்குடையது என்று தெரிந்தபின், அதனைக் கடைகளிலிருந்தும் வாங்கியோர் வீடுகளிலிருந்தும் திரும்பப் பெறுவதே மீட்பு எனப்படுகிறது. இது நான்கு வழிகளில் தொடங்கலாம். அதிகாரிகள் எடுத்த மாதிரியில் குறை தெரியலாம். மருத்துவமனைகளில் ஒரே வகை நோயாளர் பெருகலாம். உற்பத்தி செய்தவரே தம் குறையைக் கண்டு அறிவிக்கலாம். அன்றி, வேறொரு நாட்டிலிருந்து எச்சரிக்கை வரலாம்.

நான்காம் வழி இந்நாடுகளுக்கு மிகவும் இன்றியமையாதது. சிங்கப்பூர் தன் உணவில் 100க்கு 90 பங்கிற்கு மேல் வெளிநாடுகளிலிருந்து பெறுகிறது. ஐரோப்பிய நாடுகள் 1979 முதலே தமக்குள் விரைவெச்சரிக்கை முறையொன்றை நடத்தி வருகின்றன. உலக நலவாழ்வு நிறுவனமும் உலக உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து 2004இல் உலகளாவிய வலையமைப்பு ஒன்றைத் தொடங்கின. ஒரு நாட்டில் கண்ட குறை மறு நாட்டுக்கு விரைந்து தெரியவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம்.

2018ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதனைத் தெளிவாக்கும். அவ்வாண்டு மார்ச்சில் இந்தோனேசிய அதிகாரிகள் டின் கானாங்கெளுத்தியில் புழுக்களைக் கண்டனர். அம்மாத இறுதிக்குள் 27 வணிகப் பெயர்களில் விற்கப்பட்ட டின்கள் குறையுடையவை என அறிவித்தனர். செய்தி எட்டியவுடன் சிங்கப்பூர் அதிகாரிகளும் தம் சந்தையிலிருந்த சில பெயர்களுக்குரிய டின்களைத் திரும்பப் பெறுமாறு இறக்குமதியாளர்களுக்கு ஆணையிட்டனர். மலேசியச் சுகாதார அமைச்சும் தொடர்ந்து நடவடிக்கை எடுத்தது. அப்புழுக்கள் அனிசாக்கிஸ் என்னும் வகையைச் சேர்ந்தவை. கடல் மீன்களில் இயல்பாகக் காணப்படுபவை. வேகவைத்த டின்னில் அவை இறந்தே கிடக்கும். ஒவ்வாமை உடையவர்க்கன்றி மற்றவர்க்குப் பெருந்தீங்கு செய்யா. பச்சை மீனில் உயிரோடிருந்தால் வயிற்றுச் சுவரைத் துளைத்துக் கடும் வலியைத் தரும். ஆதலின் பச்சையாக உண்ணும் கடல் மீனை முன்னதாகப் பூச்சியத்திற்குக் கீழ் 20 பாகைக் குளிரில் 7 நாள் உறைய வைக்கவேண்டும் என்பது அமெரிக்க உணவு அதிகாரிகள் வகுத்த நெறி. உறைதல் புழுவைக் கொல்லும். பெரும்பாலான கிருமிகளையும் நச்சுயிரிகளையும் கொல்லாது. இவ்வேறுபாடு மறக்கத்தக்கதன்று.

இன்று சிங்கப்பூரில் இப்பணியைச் செய்வது 2019 ஏப்ரல் 1ஆம் நாள் தோன்றிய சிங்கப்பூர் உணவு அமைப்பு. மலேசியாவில் 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின்கீழ்ச் சுகாதார அமைச்சு இதனைக் கவனிக்கிறது. கடலில் நஞ்சு தோன்றுவதை மீன்வளத் துறை கண்காணிக்கிறது. இவற்றின் அறிவிப்புகளைத் தத்தம் இணையத்தளங்களிலும் செய்தித்தாள்களிலும் காணலாம்.

அறிவிப்பைப் படிக்கும் முறை

மீட்பறிவிப்பு ஒன்றில் ஆறு செய்திகளை நோக்கவேண்டும். பண்டத்தின் பெயர், வணிகப் பெயர், உற்பத்தியான நாடு, நிறை அளவு, தொகுதி எண், பயன்படுத்தவேண்டிய இறுதி நாள் என்பன அவை. இவற்றுள் தொகுதி எண்ணே உயிர்நாடி. ஒரு தொழிற்சாலையில் ஒரே நேரத்தில், ஒரே முறையில் உண்டாக்கப்பட்ட பண்டங்கள் யாவும் ஒரு தொகுதியாகும். வணிகப் பெயர் ஒன்றாயிருந்து தொகுதி எண் வேறாயிருப்பின், வீட்டிலுள்ள டின் குறையற்றதாக இருக்கலாம். எண் பொருந்தினால், அதனைத் திறத்தலும் சுவைத்தலும் கூடா. வாங்கிய கடையில் திருப்பிக் கொடுத்தோ, விலங்குகளுக்கும் எட்டாதவாறு கட்டி எறிந்தோ விடவேண்டும். முன்பே உண்டிருந்தால் அஞ்சி நடுங்கவேண்டுவதில்லை. உடலில் மாறுதல் தோன்றினால் மருத்துவரிடம் சென்று, உண்ட பண்டத்தின் பெயரையும் நாளையும் மறவாமல் சொல்லவேண்டும்.

பல இல்லங்களில் டின்னின் மேலுறையைக் கிழித்தெறிந்துவிடுவதும், உறைமீன் பொட்டலத்தைப் பிரித்து வேறு பைகளில் இட்டு உறைபெட்டியில் வைப்பதும் வழக்கம். அவ்வாறு செய்தபின் அறிவிப்பு வந்தால் எந்த மீன் எதுவென்று யார் சொல்ல வல்லார்? தொகுதி எண்ணும் இறுதி நாளும் உள்ள துண்டை மட்டும் கத்தரித்து அப்பையிலேயே போட்டு வைத்தால் போதும்.

மீட்பறிவிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. சந்தையில் நிறுத்து விற்கும் மீனுக்குத் தொகுதி எண் இல்லை. அது விற்ற அன்றே உண்ணப்பட்டும் விடுகிறது. அறிவிப்பு வெளிவரும்பொழுது மீன் வயிற்றில் இருக்கும். ஆதலின் கடலில் பிடிக்கும் இடத்திலும் இறக்குமதித் துறையிலும் சோதனை கடுமையாக இருக்கவேண்டியது இன்றியமையாதது. 2025 சனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய உணவுச் சட்டம், உணவு எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என்பதற்கான பதிவுகளை வணிகர் வைத்திருக்க வேண்டும் என வற்புறுத்துவதும் இதனாலேயே. வாங்குவோர்க்கும் இதில் பங்குண்டு. அறிந்த கடைக்காரரிடம் வாங்குதலும், ‘இம்மீன் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டலும் வீண் பேச்சல்ல. கேட்போர் பெருகினால், விற்பவரும் அறிந்து வைத்திருப்பர்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

வீட்டில் கடைப்பிடிக்கவேண்டியவை சிலவே. மீனை வாங்கிய உடனே குளிர்பெட்டியில் 5 பாகைக்குக் கீழே வைக்கவேண்டும். பச்சை மீனைக் கீழ்த்தட்டிலும், சமைத்த உணவை மேல்தட்டிலும் வைத்தால் நீர் சொட்டிக் கலவாது. பச்சை மீன் வெட்டிய பலகையில், கழுவாமல் வெங்காயமோ வெள்ளரியோ அரிதல் தகாது. உறைந்த மீனைக் குளிர்பெட்டியின் கீழறையில் இளகவைப்பதே நன்று. சமையல் மேடையில் விட்டுவைத்தல் தீது. நடுச்சதை ஒளி புகாத வெண்மை பெற்று, எளிதில் பிரியும் வரை வேகவைக்கவேண்டும். வெந்தபின்னும் வாய் திறவாத சிப்பியை எறிந்துவிடவேண்டும். சமைத்த குழம்பை 2 மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைத்தலாகாது. ‘காலையில் மறுபடி சுடவைத்தால் போயிற்று’ என்பது எப்போதும் சரியாகாது. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு சூட்டினால் அழிவதில்லை என்பது மேலே கூறப்பட்டது.

கருவுற்றோர், சிறு குழந்தைகள், முதியோர், நீரிழிவு நோயாளர், கல்லீரல் நோயாளர் ஆகியோர் பச்சை மீனையும் பச்சைச் சிப்பியையும் அறவே தவிர்ப்பது கடமையாகும். புகையூட்டிய சால்மன் போன்று சமைக்காமல் உண்ணும் மீனில் குளிர்பெட்டியிலும் வளரவல்ல லிஸ்டீரியா என்னும் கிருமி இருக்கக்கூடும். அது கருவிலுள்ள குழந்தைக்கே கேடு விளைக்கவல்லது. இந்தியர் குடும்பங்களில் நீரிழிவு மிகுதி என்பதை எண்ணினால், இவ்வறிவுரை பல தமிழ் இல்லங்களின் வாயிற்படிக்கே வந்து நிற்பது புலனாகும்.

ஆசிரியர்க்குரிய பணி

மீட்பறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோதான் முதலில் வெளிவருகின்றன. வீட்டில் சமைக்கும் பாட்டியோ தமிழ் மட்டுமே படிக்க அறிந்தவராக இருக்கலாம். பேரப்பிள்ளையின் கைப்பேசியில் அச்செய்தி இருக்கும். பாட்டியின் கையில் அந்த டின் இருக்கும். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவு ஒரு சமையலறையின் அகலமே. ஆயினும் அதனைக் கடக்க ஒருவர் வேண்டும்.

அப்பாலத்தை அமைக்கத் தமிழாசிரியரால் இயலும். மாணவர் ஆளுக்கொரு வெற்று டின்னின் மேலுறையை வகுப்பிற்குக் கொண்டுவரட்டும். அதில் தொகுதி எண் எங்கே, இறுதி நாள் எங்கே, உற்பத்தியான நாடு எது என்று கண்டு தமிழில் எழுதட்டும். பின்னர் உண்மையான மீட்பறிவிப்பு ஒன்றை, வீட்டிலுள்ள மூத்தோர்க்கு விளங்கும் எளிய தமிழில் ஐந்து வரிகளில் மாற்றி எழுதட்டும். மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு இதனினும் பயனுள்ள பாடம் கிடைப்பது அரிது. எழுதியதை அன்று மாலையே வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுமாறு சொல்லவேண்டும். அச்சொற்கள் பாட்டியின் செவிக்கு எட்டி, அலமாரியிலுள்ள டின்னை எடுத்து எண்ணைச் சரிபார்க்கச் செய்யுமாயின், அம்மாணவனின் தமிழ் தேர்வு பெற்றதாகும்.